அக்காவின் குனிந்த தலை

கொழும்புத்துறையிலுள்ள எங்கள் வீட்டுக்கு அக்காவைப் பெண்பார்க்க வந்திருந்தார்கள். அவள் தலைகுனிந்து நின்றதைக் கண்டு மாப்பிள்ளையின் தாயார் மகிழ்ந்தார்.

"இந்தக் காலத்திலை இப்பிடி அடக்கமான பிள்ளையைக் காணேலாது."

அது அடக்கமன்று என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். முதல்நாள்தான் அக்கா என்னிடம், "கழுத்தை நிமித்தேலாமல் கிடக்கு, கையும் விறைக்குது" என்றாள். நாணித் தலைகுனியும் பெண்களை இலக்கியத்தில் படித்துவந்த நான், "நல்லதாப் போச்சு, நாளைக்கும் உப்பிடியே நில்லுங்கோ" என்று கேலி செய்தேன். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கோப்பி கொடுக்கும்போது கோப்பை அவள் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அவளைக் கொழும்பிலுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம்.

தலையைத் தாங்கும் கழுத்தெலும்பு விலகி உள்ளிருக்கும் நரம்புத்தண்டை அழுத்துவதாக அங்கிருந்த மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கினார். காலெலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, விலகிய எலும்பு இனி அசையாதபடி கழுத்தில் பொருத்தினார்கள்.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் மூச்சு நிண்டிருக்கும்" என்றார் மருத்துவர்.

அக்கா பிழைத்தாள். கைகளில் உணர்வும் திரும்பியது. கழுத்து மட்டும் திரும்புவதில்லை. அழைத்தால் முழு உடம்போடு திரும்பிப் பார்க்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவில்லை.

தலைகுனிந்து நிற்கும் பெண்ணை எவரேனும் புகழ்ந்தால், இப்போது நான் அவளருகே சென்று, நிமிர முடிகிறதா என்று கேட்கிறேன்.