மண்டபத்து நோட்டில் இல்லாத பெயர்

தொண்ணூறாம் வருஷம், ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வேன் ராஜபாளையத்திலிருந்து கிளம்பியது. செவ்வாய்க்கிழமை பயணம் வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். கடல் தாண்டித் தப்பி வருகிறவர்கள் கிழமை பார்த்தா வருகிறார்கள் என்று பெரிய ஞானி மாதிரி பதில் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

வேனில் நாங்கள் இரண்டே பேர்: ஓட்டுநர் குருசாமியும் நானும். நான் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். வேலைக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று மஸ்டரில் எழுதுவது என் தொழில். பத்தொன்பது வருஷமாக எழுதுகிறேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்ல மறந்தால் நானே ஞாபகப்படுத்துவேன். இலங்கையில் மறுபடி சண்டை மூண்டு, கடற்கரை ஊரான மண்டபத்தில் அகதிகள் தினமும் வந்து இறங்குகிறார்கள், அங்கே எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டதும் ஐந்து நாள் லீவு போட்டுவிட்டேன். வேனின் பின்பக்கம் சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணி ஆறு மூட்டை, தளவாய்புரத்தில் தைத்த நைட்டிகள், எங்கள் தெருவில் திரட்டிய சேலை வேட்டிகள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆறு மணிக்கே ஊர் விழித்திருந்தது. ஆடிப்பூரத் தேருக்கு மூங்கில் கட்டி வர்ணத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடையைத் திறக்கச் சொல்லி, பிள்ளைகளுக்காகப் பதினைந்து கிலோ பால்கோவா வாங்கினோம். கிலோ முப்பது ரூபாய். விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர் காசு வாங்காமலே இன்னும் இரண்டு கிலோவைப் பொட்டலம் போட்டுக் கொடுத்தார்.

மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக மண்டபம் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி. மொத்தம் இருநூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். ராமநாதபுரம் தாண்டியதும் ஆடிக் காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. “ஸ்டீயரிங்க நான் பிடிக்கேனா, காத்து பிடிக்கா, தெரியல சார்” என்றார் குருசாமி.

நான் எதிர்பார்த்துப் போனது அழுகையும் கூச்சலும். அங்கே சத்தமே இல்லை. கடற்கரை ஓரமாகத் தென்னங்கீற்றுக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன, நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருந்தார்கள், குழந்தைகள்கூட அழவில்லை. ஒரு பெண் ஈரச் சேலையோடு சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். பத்திரிகையில் படித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சர்க்கார் பதிவு வேறு. அது அதிகாரிகள் வேலை. எங்களைப் போல் உதவிக்கு வந்தவர்கள் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். ஒரே குடும்பம் இரண்டு படகில் பிரிந்து வந்துவிடும். முன்னால் வந்தவர்கள் விவரத்தை எழுதி வைத்தால், பின்னால் வருகிறவர் நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்வார். அதை என்னிடம் கொடுத்தார்கள். நான் ஆலை வழக்கப்படி கோடு போட்டு, குடும்பத் தலைவர் பெயர், அதன் எதிரே ‘மனைவி, மகள் இரண்டு’, ‘மனைவி, மகன் ஒன்று’ என்று அழகாக எழுத ஆரம்பித்தேன். எங்கள் ஆலையில் தொழிலாளர் குடும்ப விவரம் இப்படித்தான் இருக்கும்.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். தலைமன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம். முப்பது வயதுப் பெண் ஒருத்தி இரண்டு சிறுமிகளோடு என் மேஜைக்கு முன்னால் நின்றாள். படகில் இடம் போதவில்லை. புருஷன் கரையிலேயே நின்று இவர்களை முதலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அடுத்த படகில் வரவேண்டும். இதையெல்லாம் சொன்னது அவள் இல்லை, பின்னால் குடையோடு நின்ற அவள் ஊர்க்காரர். அவள் தலை குனிந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் அவள் புருஷன் பெயரைக் கேட்பது மரியாதை இல்லை. கேட்டாலும் சொல்ல மாட்டாள். ஆலைக்குப் புருஷனின் லீவு லெட்டரைக் கொண்டுவரும் பெண்கள் சுவரில் தொங்கும் காலண்டரைக் காட்டி, ‘அந்தச் சாமி பேருதான் சார்’ என்பார்கள். அதனால் நான் அந்தத் தொழிலாளியின் டோக்கன் நம்பரை மட்டும் கேட்பேன். இது என் நாசூக்கு. இங்கே டோக்கன் ஏது? அவளைச் சங்கடப்படுத்தாமல், அவள் தோளுக்கு மேலே பார்த்துக் குடைக்காரரிடம் கேட்டேன். “சின்னராசா” என்றார் அவர். ‘சின்னராசா. மனைவி, மகள் இரண்டு’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவள் ஏதோ சொல்ல வந்த மாதிரி செத்த நேரம் நின்றுவிட்டு நகர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணி. வெளியூர் முகாம்களுக்குப் போக வேண்டிய பஸ்கள் வந்து நின்றன. ஒன்று எங்கள் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறது. என் லீவும் மறுநாளோடு முடிகிறது. பஸ்ஸில் துணைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். காலி வேனோடு குருசாமி பின்னால் வருவதாக ஏற்பாடு. நோட்டை மூடும் சமயத்தில் ஒருவர் வந்தார். உப்புப் பூத்த சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு. அப்போதுதான் கரையேறியிருக்கிறார்.

“பரமேஸ்வரி எண்டு ஒரு ஆள் பதிஞ்சிருக்கிறாவோ? ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளோட” என்றார்.

“பொம்பளைங்க பேரு இதுல எழுதுறதில்ல அண்ணாச்சி. உங்க பேரச் சொல்லுங்க.”

“தர்மலிங்கம்.”

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை. ஒரு வரி விடாமல் இரண்டு தடவை பார்த்தேன் என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. தர்மலிங்கம் என்ற பெயர் இல்லை. பெண்டாட்டியும் இரண்டு மகள்களும் என்று அந்த நோட்டில் எத்தனையோ வரிகள். “இல்லையே அண்ணாச்சி. அடுத்த படகுல வருவாங்க” என்றேன்.

“எனக்கு முந்தி அனுப்பினனான். நாலு நாளாகுது” என்றார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் ஒரு படகு கவிழ்ந்தது என்று கரையில் பேச்சு இருந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கிறது. மிச்சமிருந்த ஒரு பால்கோவாப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தேன். “என்னை இறக்கின படகு பாம்பனில நிக்குது. அதிலயே திரும்பிப் போறன். இனி இங்க எனக்கு என்ன இருக்கு?” என்றார். அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். கேட்டாரோ என்னவோ. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார், நான் ஓடிப்போய் ஏறினேன்.

அந்தப் பஸ்ஸில் நாலாவது வரிசையில், ஜன்னல் ஓரமாக, இரண்டு சிறுமிகளோடு அந்தப் புதன்கிழமைப் பெண் உட்கார்ந்திருந்தாள். மேஜைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஐம்பது அடி இருக்கும்.

மதியம் இரண்டே முக்காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லை. அன்று தேரோட்டம். பஸ் நகரவில்லை. ஜனங்கள் வெள்ளமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள் இருப்பது யார் என்று கேட்டு, இளநீரும் பழமும் ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். எனக்கு ஊர்ப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் தேருக்கு வெடி போட்டார்கள். அடுத்த நொடி பஸ்ஸில் ஒரு தலைகூடத் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு பேரும் சீட்டுக்கு அடியில் கிடந்தார்கள். அந்தப் பெண் இரண்டு மகள்கள் மேலும் கவிழ்ந்து படுத்திருந்தாள். நான் மட்டும் நிமிர்ந்து நின்றுகொண்டு, “இது சாமிக்கு, சாமிக்கு” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

ஊரைத் தாண்டி ராஜபாளையம் ரோட்டில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கைச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். நாலு மணிக்கு அங்கே இறங்கினோம். பாயும் பாத்திரமும் கொடுத்துக்கொண்டிருந்த டீச்சரம்மா ஒருவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, “உங்க வீட்டுக்காரரு பேரு என்னம்மா?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

“தர்மலிங்கம்” என்றாள் அவள். தெளிவாக, தயக்கமே இல்லாமல்.

கிட்டே போய், “சின்னராசான்னுல்ல சொன்னாங்க?” என்றேன்.

“அது ஊரில கூப்பிடுற பேர். அந்தக் குடைக்காரருக்கு அதுதான் தெரியும்.”

“நீங்க ஏம்மா அன்னைக்கே சொல்லல?”

“நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லையே” என்றாள். கோபமில்லை, ஒரு விவரம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

காலையில் அவரைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “உயிரோட இருக்கிறாரோ?” இருக்கிறார் என்றேன். எங்கே என்று கேட்டாள். திரும்பிப் போகப் பாம்பனுக்குப் படகைத் தேடிப் போயிருக்கிறார் என்றேன், அனுப்பியது என் நோட்டுதான் என்பதை மட்டும் சொல்லவில்லை. பின்னால் வந்து சேர்ந்திருந்த குருசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். “பேசிக்கிட்டு நிக்க நேரமில்ல சார். ஏறுங்க, போவம்.”

“என்ர பேரைச் சொல்லுங்கோ. அப்பதான் நம்புவார்” என்றாள்.

“உங்க பேரு என்னம்மா?” மூன்று நாளில் முதல் தடவையாகக் கேட்டேன்.

“பரமேஸ்வரி.”

காலையில் அந்த மனிதர் முதலில் கேட்டதே இந்தப் பெயரைத்தான்.

தேர்க் கூட்டத்தில் மாட்டி, ஊரை விட்டு வேன் வெளியேறவே மணி ஒன்பதரை ஆகிவிட்டது. போன் போடலாம் என்றால் அங்கே யார் நம்பரும் என்னிடம் இல்லை. பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்தியபோது, “காத்து எம்புட்டு அடிக்கோ அம்புட்டு நல்லது சார். படகு எடுக்க முடியாது” என்றார் குருசாமி. நான் அதுவரை காற்றைத் திட்டிக்கொண்டே வந்தவன்.

விடியும்போது பாம்பன். பாலத்துக்குக் கீழே கடல் பொங்கிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு படகை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். படகுக்காரர்கள் காற்று அடங்கட்டும் என்று முதல்நாளிலிருந்து காத்திருந்தார்கள். படகின் மறைவில் தர்மலிங்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான் கொடுத்த பொட்டலம், பிரிக்காமல், எறும்பு மொய்த்துக் கிடந்தது.

“பரமேஸ்வரி இருக்காங்க அண்ணாச்சி” என்றேன். அவர் என்னை நம்பவில்லை. எப்படி நம்புவார்? “பிள்ளையள்?” என்றார். “ரெண்டு பேரும் இருக்காங்க. நேத்து ஒரே பஸ்ல வந்தோம்.” அவர் எழுந்திருக்கப் பார்த்தார். குருசாமி தூக்கிப் பிடித்தார். அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வேன் வரை நடந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேனுக்குப் பின்னால் போய் அழுதேன்.

திரும்பும் வழியில் மண்டபத்தில் அரை மணி நேரம் இறங்கினேன். என் நோட்டு இன்னொருவர் கைக்குப் போயிருந்தது. பெண்கள் பெயரையும் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள், ஏற்கெனவே எழுதியவர்களையும் தேடிப்பிடித்துக் கேளுங்கள் என்றேன். “பாதிப் பேர் வேற வேற முகாமுக்குப் போயாச்சே சார்” என்றார் அவர். முத்து முத்தாக நாற்பது பக்கம். அதைப் பார்த்துவிட்டுத் தர்மலிங்கத்துக்கு முன்னால் எத்தனை பேர் பேசாமல் எழுந்து போனார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

சனிக்கிழமை மதியம் பஞ்சுக் கிடங்கின் வாசலில் வேன் நின்றதும் சின்ன மகள்தான் முதலில் பார்த்தாள். அப்புறம் நடந்ததை நான் நின்று பார்க்கவில்லை. பார்க்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது. அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஆலைக்குப் போனேன். ஒன்பது மணிக்கு ஒரு பெண் லீவு லெட்டரோடு ஜன்னலுக்கு வந்தாள். ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் ஒருவரின் சம்சாரம். வன்னியம்பட்டியிலிருந்து வருவாள், ஏழெட்டு வருஷமாக எனக்கு முகம் தெரியும். வழக்கம்போலக் கேட்காமலே டோக்கன் நம்பரைச் சொன்னாள். எழுதினேன். போகத் திரும்பியவளைக் கூப்பிட்டு, “உம் பேரு என்னம்மா?” என்றேன்.

அவள் பயந்துவிட்டாள். “எம் பேரு எதுக்கு சார்? எதும் தப்பாப் போச்சா?”

“யாராச்சும் உன்னத் தேடி வந்தா வேணும்லம்மா” என்றேன்.