பதினேழாம் கேள்விக்கு ஒரு மார்க்

அந்தப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் டீச்சருக்குப் பெற்றோர் வைத்த பெயரைத் தலைமையாசிரியரே மறந்துவிட்டார். மாணவர்கள் வைத்த 'மெனி-மச்' என்பதே நிலைத்தது. எண்ணக்கூடியதற்கு மெனி, எண்ண முடியாததற்கு மச். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த இரண்டு சொற்களுக்காக அவர் மனிதகுலத்தோடு போரிட்டு வருகிறார். இதுவரை மனிதகுலத்தின் கையே ஓங்கியிருப்பதால், மூக்குக் கண்ணாடிக்கு முன்பே கோபத்தை மாட்டிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புவார்.

எண்ணக் கூடாத சொல்லுக்கு ஒரு 'ஸ்' சேர்த்து 'ஃபர்னிச்சர்ஸ்' என்று பலகை மாட்டிய கடையில் ஒரு முக்காலிகூட வாங்க மாட்டார். ஊரில் வேறு மாதிரிக் கடை இல்லாததால் அவர் வீட்டில் எல்லோருக்கும் தரைதான்.

"உன் இங்கிலீஷால என் முட்டியே போச்சு" என்பார் கணவர்.

"ஒண்ணுதானே போச்சு. எண்ணிட்டுப் பேசுங்க."

இப்பேர்ப்பட்டவரைப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்த அழைத்தது யாருடைய கெட்ட நேரமோ. நீளமான அறை, மேசைக்கு இருவர், ஆளுக்கொரு சிவப்புப் பேனா, கட்டுக்கு இருபத்தைந்து தாள். எல்லோர் கையிலும் அச்சடித்த விடைக்குறிப்பு. குறிப்பில் இருப்பது சரி, இல்லாதது தப்பு என்பதே அந்த அறையின் ஒரே சட்டம். எல்லாக் கட்டும் கையெழுத்தாகிச் சேரும்வரை கதவு திறக்காது.

பதினேழாம் கேள்விக்கு விடை 'மெனி அட்வைசஸ்' என்று குறிப்பில் இருந்தது. டீச்சர் மூன்று முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காம் முறையும் படித்தார். நாம் அறிவுரையை எண்ணிக் கூடை கூடையாக வழங்கும் இனம். ஆங்கிலத்திலோ அது தண்ணீர் மாதிரி, எண்ணக் கூடாது; 'மச் அட்வைஸ்'தான். அவருக்கு வந்த தாள்களில் ஒன்பது பிள்ளைகள் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அந்த மார்க் போனால் அவர்களில் ஒரு பிள்ளை முப்பத்துநான்கில் நிற்கும். தேற முப்பத்தைந்து வேண்டும்.

"ஒரு மார்க்தானேக்கா. குறிப்புப்படி வெட்டிட்டுப் போங்க, டீ ஆறுது" என்றார் பக்கத்தில் இருந்த ஆசிரியை.

"தப்பா எழுதினவனுக்கு மார்க்கு, சரியா எழுதினவனுக்கு வெட்டு. இதுக்கு நான் எதுக்கும்மா? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமே."

ஒன்பது பேருக்கும் மார்க் போட்டார். அரைமணி நேரத்தில் முதன்மைத் தேர்வாளர் கட்டோடு வந்து நின்றார்.

"என்ன மேடம், பதினேழுல விளையாடியிருக்கீங்க."

"குறிப்பு தப்பு சார்."

"அதெப்படி தப்பாகும்? அஞ்சு பேர் கமிட்டி போட்டது."

"அஞ்சு பேர் சேர்ந்து போட்டா தப்பு சரியாயிடுமா?"

"கையெழுத்தாயிடுச்சு மேடம். இனிமே அது தப்பில்ல."

"அப்ப என் கையெழுத்து கிடைக்காது. வெட்டணும்னா நீங்களே வெட்டுங்க. இந்தாங்க பேனா."

நீட்டிய பேனாவை அவர் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். பொறுப்பு என்பது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் பொருள் என்பது அவருடைய முப்பது வருட அனுபவம்.

மாலையானது. நாற்பது பேர் பையை மடியில் வைத்துக்கொண்டு, கையெழுத்தாகாத அந்த ஒரு கட்டையே பார்த்திருந்தார்கள்.

"அக்கா, என் பஸ் போயிடும்."

"அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷமே போயிடும்."

ஆறு மணிக்கு மேலிடத்திலிருந்து தீர்ப்பு இறங்கியது. பதினேழாம் கேள்விக்கு விடையளிக்க முயன்ற அனைவருக்கும் ஒரு மார்க். மச் எழுதியவனுக்கு மார்க். மெனி எழுதியவனுக்கும் மார்க். பதினேழு என்று எண்ணை மட்டும் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அறிஞனுக்கும் மார்க்.

"இப்ப சந்தோஷம்தானே மேடம்?"

முப்பத்தைந்து ஆகிவிட்டதா என்று அந்தத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, தாள் கிழியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டார் டீச்சர். கதவு திறந்தது. நாற்பது பேரும் ஓடினார்கள்.

"குறிப்பை எப்ப சார் திருத்துவீங்க?"

"எதுக்கு மேடம்? அதான் பிரச்சினை தீர்ந்துடுச்சே."

டீச்சர் மறுபடி உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"அந்த அஞ்சு பேர் விலாசத்தைச் சொல்லுங்க."