ஒரு பெயரோடு டாவோஸிலிருந்து ஓல்டன் வரை

1987 தை மாதம். டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கூடக் கழுவிய சிவபாலனுக்கு, மனைவி இருந்த ஓல்டன் ஊர் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. அவனுக்கு டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, வராது. எனக்கும் வராதுதான், ஆனால் வருவதுபோல் முகத்தை வைத்திருப்பேன். அதனால் துணைக்குக் கூட்டிப்போனான்.

காலை 7.10க்கு ரயில். லாண்ட்குவார்ட்டிலும் சூரிச்சிலும் மாற வேண்டும், மொத்தம் மூன்றரை மணித்தியாலம். வழியில் சிவபாலன் தன் திட்டத்தைச் சொன்னான். பிள்ளைக்கு ஹோட்டல் முதலாளியம்மாவின் பெயரை வைக்கப் போகிறானாம்: மார்கிரித். அவர் மனம் குளிர்ந்து, இவனை நாட்டில் இருக்கவிடச் சொல்லிப் பொலிசுக்குக் கடிதம் எழுதுவாராம்.

"மனுசி என்ன சொல்லுறா?"

"அவ தர்சினி எண்டு நிக்கிறா, அண்ணை. அந்தப் பேருக்கு ஆர் விசா தரப்போறான்?"

"அப்ப சமையல்காரன்ர பேரையும் சேர்த்து வையன். இறைச்சியும் கிடைக்கும்."

அவன் சிரிக்கவில்லை.

சூரிச் ரயிலில் எதிரே ஓர் அமெரிக்க அம்மா, ஓய்வுபெற்ற சரித்திர ரீச்சர். என் ஓட்டை இங்கிலீஷில் கதையை அவிழ்த்துவிட்டேன். தங்கள் நாட்டிலும் இதேதான் நடந்தது என்றார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு எல்லாம் புதினம். குடியேறப் போனவர்கள், போன இடங்களுக்கு நிலம் தந்த ராசா ராணியின் பெயரையே வைத்தார்களாம். கலியாணம் கட்டாத ராணிக்காக வேர்ஜினியா. சாள்ஸ் ராசாவுக்குக் கரோலினா, அவர் மனைவி மேரிக்கு மேரிலாந்து, பிறகு வந்த ஜோர்ஜுக்கு ஜோர்ஜியா. பென் என்பவர் மட்டும் வெறுமனே 'சில்வேனியா', அதாவது காட்டுநாடு, என்று வைக்கக் கேட்டாராம். ராசா விடவில்லை, முன்னால் பென்னின் தகப்பன் பெயரைக் கொழுவிவிட்டார்: பென்சில்வேனியா. எங்கள் ஆட்களின் இனிஷியல் மாதிரித்தான்.

தமிழில் எடுத்துச் சொன்னேன். சிவபாலன் ஒன்றுதான் கேட்டான்.

"அந்த ராசா ராணியள் ஒருக்காலாவது அங்க போய்ப் பாத்தவையோ?"

ஒருவரும் போகவில்லை என்றார் ரீச்சர். ஓல்டனில் இறங்கும்போது, "முதலாளியம்மாவும் வந்து பாக்கமாட்டா" என்றான் சிவபாலன்.

ஆஸ்பத்திரியில் தாதி படிவத்தை நீட்டினாள். 'தர்சினி சிவபாலன்' என்று எழுதிக் கொடுத்தான். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அப்ப கடிதம்?"

"கேப்பன். ரெண்டு வருசம் உங்கட கோப்பை கழுவினனான் எண்டு சொல்லிக் கேப்பன். பிள்ளையை ஏன் அதுக்க இழுப்பான்?"

"சரி, பிடியுங்கோ. கை கழுவினீங்களோ?"

இந்தப் பாதையில் போகிறவர்களே, லாண்ட்குவார்ட் தாண்டியதும் வலப்பக்கம் இருங்கள், ஏரி தெரியும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பெயர் வைக்கப் போகிறீர்களென்றால் முதலில் தாயைக் கேளுங்கள். மூன்றரை மணித்தியாலம் ஓடி, நாங்கள் அவள் சொன்ன இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தோம்.