மேட்டுக்கு ஏறிய தண்ணீர்

மகளைக் கட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்லத்தான் அன்றைக்கு மலையிலிருந்து இறங்கினேன். உண்மையில் முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. வேண்டாம். பையன் மேல் ஒரு குறையும் இல்லை, தங்கமான பையன். ஆனால் அவன் வீடு கடலோரத்து டவுனில், வேலையோ நாள் முழுக்கத் தண்ணீரில். தண்ணீர்க் கரையில் கொண்டுபோய் விடுவதற்கா இவளைத் தனியாளாக நின்று வளர்த்தேன்? முகத்தைப் பார்த்து மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

தம்பி வேன் ஓட்டினான், மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் லோரி ஓட்டுகிறவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். கையோடு எங்கள் எஸ்டேட் தேயிலைத்தூள் இரண்டு பாக்கெட், கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரி எல்லாம் எடுத்துக்கொண்டோம்.

"அக்கா, அந்த சுவெட்டரக் கழட்டு லா. கீழ போனா வெந்துருவ."

"ஒன் வேலயப் பாரு. ரோட்டப் பாத்து ஓட்டு."

கீழே கதவைத் திறந்ததும் அடுப்பு வாயில் நின்ற மாதிரி ஒரு சூடு. சுவெட்டரைக் கழற்றினேன். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பையனும் அவன் அம்மாவும் டவுன் பூங்கா வாசலில் காத்திருந்தார்கள். பையனுக்கு அங்கேதான் வேலை. ஒரு காலத்தில் குப்பையும் மண்ணும் கொட்டி மூடிக் கிடந்த இடமாம். நாற்றம் தாங்காமல் ஜனங்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்களாம். இப்போது தோண்டிச் சுத்தம் செய்து, சுற்றிலும் புல்லும் பெஞ்சும் போட்டு, கரையெல்லாம் பக்காவ் என்கிற அலையாத்திக் கன்றுகள் நட்டிருந்தார்கள். அந்தக் கன்றுகளில் பாதி அவன் கை வைத்து நட்டவை.

"நல்ல பெரிய குளமா இருக்கே," என்றேன்.

"குளம் இல்ல அத்தை, உப்பங்கழி. அதோ அந்தக் கோடியில அடச்சிருந்த வாயத் தொறந்து கடலோட சேத்துட்டாங்க."

அவன் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கடலை நான் பார்த்ததே ஒரு தடவைதான், அதுவும் பினாங்குப் பாலத்தில் ஓடிய பஸ் ஜன்னல் வழியாக.

தண்ணீர் ஓரத்தில் ஒரு தட்டைக் கல் இருந்தது. செருப்பை அதன் மேல் கழற்றி வைத்துவிட்டுக் கால் கழுவினேன். ஓடையைக் கண்டால் நாங்கள் அப்படித்தான். காலில் ஒட்டிய சேறு மறுபடி செருப்பில் ஒட்டுமே என்று அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு புல்லில் நடந்து, மரத்தடியில் பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். பையனின் அம்மா நாசி லெமாக் சோறு கொண்டுவந்திருந்தார். பருத்த உடம்பு, முட்டி வலி, நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க "வேண்டாம்" என்ற சொல் தொண்டையிலேயே நின்றது.

எங்கள் மலையில் தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு பாடம்தான். வெயில் அடிக்கும்போது ஓடை ஏறினால், மேல்மலையில் மழை கொட்டுகிறது என்று அர்த்தம். எதையும் எடுக்க நிற்காதே, மேலே ஓடு. என் வீட்டுக்காரர் நின்றார். ஓடைக்கரையில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினார். பளீரென்ற வெயில். லயத்து வீட்டு வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மோட்டார் வெகுதூரம் கீழே பாறையிடுக்கில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. ஒரு துணி, ஒரு செருப்புகூட இல்லை. கருமாதியைப் போட்டோ வைத்துத்தான் செய்தோம்.

அன்றைக்கும் அதே மாதிரி வெயில். சோற்றை வாயில் வைக்கும்போது தற்செயலாகக் கழியைப் பார்த்தேன். கல்லைக் காணோம். நான் செருப்பு வைத்த கல்! கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தேன். மிதந்த ஒரு இலை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஐயோ, தண்ணீர் பள்ளத்துக்குப் போகாமல் மேட்டுக்கு ஏறுகிறது!

"தண்ணி வருது! ஓடுங்க! மேல ஓடுங்க!"

கத்தியது என் குரல்தானா என்று இன்றும் சந்தேகம். கைக்கு அகப்பட்ட கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். பக்கத்தில் மலாய்க்காரக் குடும்பங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தன. அவர்களைப் பார்த்து, "பாஞ்சிர்! பாஞ்சிர்!" என்று வெள்ளம் வருவதை மலாயில் கூவினேன். ஒரு அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நாலாபக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி மெதுவாக உட்கார்ந்தார்.

யாரும் ஓடவில்லை. மேட்டில் நின்றது நானும், நான் இழுத்துவந்த பையனின் அம்மாவும் மட்டும்தான். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தொப்பென்று புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பையன் ஓடிவந்தான். "அத்தை, பயப்படாதீங்க. அது கடல் தண்ணி. ஏறும், அப்புறம் எறங்கிரும். தெனமும் இப்படித்தான்."

"தண்ணியாவது எறங்குறதாவது! யார்கிட்ட கத விடுற?"

மகள் முகம் சிவந்து நின்றாள். "மானம் போச்சும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

பார்க்கட்டும். எனக்குக் கோபம் வந்தது. "இந்தத் தண்ணி திரும்பிப் போறத என் கண்ணால பாக்காம நான் அசைய மாட்டேன். போகலன்னா இந்தக் கல்யாணம் கெடையாது. அவ்ளோதான்." ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். மகள் அழ ஆரம்பித்தாள்.

பகல் முழுக்க அந்த மேட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் இன்னும் ஏறியது. கன்றுகளின் தலை மட்டும் தெரிந்தது. பையனின் அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. முட்டியைத் தேய்த்தபடி என் பக்கத்திலேயே இருந்தார். என் வீட்டுக்காரர் போனது அவர்களுக்குத் தெரியும், எப்படிப் போனார் என்பது தெரியாது. சொன்னேன். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கட்டுமாக்கா? ஒங்க பொண்ணும் அங்கதான் ஒக்காந்திருந்தா. என் கையத்தானே புடிச்சீங்க?"

எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தேன்.

"ஒங்களுக்குத்தான் முட்டி வலி, ஓட முடியாதே," என்றேன். வேறென்ன சொல்ல?

வெயில் சாய்ந்தபோது அது நடந்தது. முதலில் நான் நம்பவில்லை. கன்றுகளின் தண்டில் ஈரக்கோடு தெரிந்தது. பிறகு சேறு தெரிந்தது. பிறகு என் தட்டைக் கல், பளபளவென்று நனைந்து, இருந்த இடத்திலேயே இருந்தது. எத்தனையோ தண்ணீர் பார்த்தவள் நான், திரும்பிப் போகிற தண்ணீரைப் பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பையன் பேண்டை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினான். கன்றுகளுக்கு நடுவில் குனிந்து எதையோ பிடுங்கினான். என் செருப்பு. ஒற்றைச் செருப்பு, வார் நிறையப் பாசி.

"ஒண்ணுதான் சிக்கியிருக்கு அத்தை. இன்னொண்ணயும் தேடுறேன்."

அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"பாத்தியாடா," என்று தம்பியிடம் காட்டினேன். "இந்தத் தண்ணி செருப்பத் திருப்பித் தருதுடா. ஒரு செருப்ப!"

அவன் ஏதாவது கேலி பேசுவான் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் போன அன்று அவரைத் தேடி ஆற்றோரம் முழுக்க நடந்தவன் அவன். செருப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சத்தம் போட்டு அழுதான். அவன் அழுது நான் அதுவரை கேட்டதில்லை.

நான் சேறும் பாசியுமாக அந்த ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொரு கால் வெறுங்காலாகப் பையனின் அம்மாவிடம் போனேன். எழுந்திருக்கக் கை கொடுத்தேன்.

"நாள் பாருங்க, சம்பந்தி," என்றேன்.