மூடியை நம்பாத செல்வராஜ்

நண்டு எடை போட்டுக்கொண்டிருந்தபோது சபைச் செயலாளர் போன் செய்தார். அனுப்பம்பட்டில் பியானோ பழுது பார்த்துவந்த செல்வராஜ் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஊரில் யாரையும் நிம்மதியாகத் தூங்கவிடாத மனுஷன், தான் மட்டும் நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

நினைவுக் கூட்டத்துக்கு எழுதித் தா என்றார்கள். எட்டாவதைத் தாண்டாதவனிடம் கேட்டால் இப்படித்தான் வரும். அவரை எனக்குப் பிடிக்காது. உங்களில் பாதிப் பேருக்கும் பிடிக்காது. அடக்கத்தின்போது உங்கள் முகங்களைப் பார்த்தேனே.

ஆலயத்துக்கு யாரோ பழைய பியானோ காணிக்கை கொடுத்தது நினைவிருக்கும். பாதிரி ஐயர் ஜெபித்து முடித்ததும் செல்வராஜ் ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். "ஜெபம் பண்ணது நல்லதாப் போச்சு. இதுக்கு இனிமே அதான் கதி" என்றார். கொடுத்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

என் மூத்தவள் ஜெனிபருக்குக் கல்யாணம் நிச்சயமானது. "கட்டில், பீரோ ஒண்ணும் வேணாம் நைனா, பியானோ வாங்கிக் குடு. புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்துப் பொழைச்சுக்குவேன்" என்றாள். பழவேற்காட்டுச் சம்பந்தி, "வாங்குறதே வாங்குறீங்க, ஜெர்மன் சாமானா பாருங்க" என்றார். பட்டணத்துக் கடையில் ஒன்றைப் பார்த்துவைத்தேன். மூடியில் தங்க எழுத்தில், என் வாயில் நுழையாத ஜெர்மன் பெயர். சம்பந்தியையும் மகளையும் கூட்டிப்போனவன் செல்வராஜையும் கூட்டிப்போனேன். வேலியில் போன ஓணான், வேறென்ன.

அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய்க் குனிந்தார். பிறகு மேலே திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார்.

"இன்னா அந்தோணி, உன் படகுல ஜெனிபர்னு எழுதிக்கீது. ஜெனிபரா படகு கட்டுனா?"

கடைக்காரர் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற, பகட்டில்லாத சீனப் பெயர் போட்ட பியானோவையும் திறக்கவைத்தார். உள்ளே இரும்புச் சட்டத்தில் வார்த்திருந்த குறி இரண்டிலும் ஒன்றே.

"ரெண்டும் ஒரே வயித்துப் புள்ளைங்க. ஒண்ணுக்கு மட்டும் பேரு வாடகைக்கு எடுத்திருக்கான். மூடியப் பாத்து பியானோ வாங்குறவன், கூடையப் பாத்து மீன் வாங்குவான்."

சம்பந்தியின் முகம் கறுத்தது. "சைனா சாமானா? உள்ள பலகை?"

"ஒட்டுப்பலகை."

"ப்ளைவுட்டா! எங்கள இன்னான்னு நெனச்சீங்க?"

"ஒரே மரத்துத் தனிப் பலகைன்னா உங்க ஏரிக்காத்துல வெடிக்கும். இது தாங்கும். உம்மருமக எங்க வாழப்போறா, ஜெர்மனிலயா?"

சம்பந்தி விடுவிடுவென்று நடைபாதைக்குப் போய்விட்டார். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். செல்வராஜ் டார்ச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெனிபர் உட்கார்ந்து இரண்டிலும் ஒரே பாட்டை வாசித்தாள். பிறகு வெளியே போய், "கேக்குற புள்ளைங்களுக்கு மூடியா தெரியும், பாட்டுதான தெரியும், மாமா? நைனா வெல கம்மியானதையே எடுக்கட்டும்" என்றாள். சம்பந்தி மீசையைத் தடவினார். கடைசியில், "நீ வாசிக்கப் போறவ, நீயே சொல்லு" என்றார்.

கல்யாண விருந்தில் செல்வராஜ் பிரியாணியை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மேசை மேசையாகப் போனார். "ஜெர்மன் கெடையாது, நாந்தான் தடுத்துட்டேன்" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார். நான் கைகழுவுகிற இடத்தில் ஒளிந்துகொண்டேன்.

அன்று முதல் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். ஏதாவதொரு மழைக்காலத்தில் அந்தப் பலகை பிளக்கும். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் நாலு பேர் முன்னால் அவரை நிறுத்தி, "இன்னா அண்ணே, தாங்கும்னியே?" என்று கேட்க வேண்டும். மழை வந்து வந்து போனது. சுருதி இறங்கும், அவரே மகள் வீட்டுக்குப் போய் ஏற்றுவார், திரும்பும்போது என் வீட்டுக் காபியைத் திட்டிவிட்டுப் போவார். வேறொரு கேடும் வரவில்லை. மகள் வீட்டில் சாயங்காலமானால் செருப்பு வைக்க இடமில்லை, அத்தனை பிள்ளைகள்.

பாவி மனுஷன், கடைசிவரை எனக்கொரு வாய்ப்புத் தரவில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது கேட்காமல் போன அந்தக் கேள்விதான். போன ஞாயிற்றுக்கிழமையும் மகள் வீட்டுக்குப் போய், ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.