ஒரே கோட்டில் பதினொரு 'இல்லை'

என் தங்கை வீட்டுக்காரரைப் பல்லுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பல் செட் செய்யும் கூடத்திலிருந்து பற்களை வாங்கி, மோட்டார் சைக்கிளில் பல் டாக்டர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. பதினாறு வருடங்களில் ஒருவர் பல்லை இன்னொருவர் வாய்க்கு அனுப்பியதில்லை. "இந்த ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறதே என் புண்ணியத்துலதான் மச்சான்" என்பார். நிதானமான மனிதர். அந்த நிதானமே சில நேரம் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நான் வண்டி இன்சூரன்ஸ் ஏஜென்ட். படிவத்தில் ஓட்டுபவரின் உடம்பைப் பற்றிப் பதினொரு கேள்விகள் உண்டு. வலிப்பு வருமா, மயக்கம் வருமா, நினைவு தப்புமா என்று நீளும். அதையெல்லாம் எந்த மடையன் வாசித்துக் காட்டுவான்? 'இல்லை' என்ற கட்டங்களின் மேல் மேலிருந்து கீழே ஒரே கோடு. ஆள் வந்து உட்காருவதற்குள் இழுத்துவிடுவேன்.

இந்த வருடம் புதுப்பிக்க வந்த பல்லுக்காரர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது பொய் மச்சான். கொஞ்ச நாளா எனக்கு வழி காணாமப் போகுது."

"குறுக்கு வழியில போயிருப்பீங்க."

"விளையாடாதீங்க. வண்டிய எடுக்கறது தெரியுது, நிறுத்தறது தெரியுது. நடுவுல ஒண்ணுமே இல்ல. அதை எழுதுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எழுதினா வண்டி போச்சு, வேலை போச்சு. என் தங்கச்சிய நடுத்தெருவுல நிறுத்தப் போறீங்களா? எல்லாம் தூக்கக் கலக்கம் மாப்ள. வாங்க, நானே பின்னாடி உக்காந்து வர்றேன். வீடு வரைக்கும் ஓட்டுங்க, பாத்துடலாம்."

உச்சி வெயில். நாற்சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் வலப்பக்கம் திரும்பினார். கூப்பிட்டேன், பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. சிவப்பு விளக்குக்கு நின்றார், பச்சைக்குக் கிளம்பினார், திருப்பத்தில் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டார். வண்டி தாறுமாறாக ஓடியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்பே மூடிய பழைய பல் செட் கூடத்தின் வாசலில் வண்டி நின்றது. துருப்பிடித்த கேட்டில் சங்கிலி தொங்கியது. இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருந்தார். அடப்பாவமே, உள்ளேயிருந்து யாராவது வந்து திறந்துவிடுவார்களோ என்று நானே கேட்டை எட்டிப் பார்த்தேன்.

மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "சார், நீங்க யாரு?"

என் தங்கை கல்யாணத்தில் இவர் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துப் போனவன் நான். ஒரு நிமிடம் கழித்து அவருக்கு முகம் வெளுத்தது. "மச்சான்... இங்க எப்படி வந்தோம்?"

நான்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். விஷயத்தைக் கேட்டதும் என் தங்கை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் அவருக்கும் ஒரே நினைப்புதான். எட்டு வயது மகள் தினமும் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். விடுமுறை என்று தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தவளிடம் குனிந்து கேட்டேன்.

"கண்ணு, வண்டியில போறப்ப அப்பா எப்பவாவது ஒரு மாதிரி..."

"வேற அப்பாவா ஆயிடுவாங்களே, அதுவா?" என்றாள், தலை நிமிராமல். "'நீ யாரு பாப்பா'ன்னு கேப்பாங்க. உங்க பொண்ணுதான்னு சொல்லுவேன். அப்புறம் நம்ம அப்பா வர்ற வரைக்கும் இறுக்கிக் கட்டிப்பேன்."

"எத்தன தடவ?"

"நிறைய. நேத்துகூட. லாரிக்காரர் திட்டினாரு."

பல்லுக்காரர் வண்டிச் சாவியை என் கையில் திணித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். தங்கை வெடித்தாள். "ஏண்டி, இத்தன நாளா ஏண்டி சொல்லல?"

குழந்தை அம்மாவைப் பார்த்து மிரண்டு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருமே கேக்கலியே மாமா."