நான்காவது படம்

என்னைவிட மிக இளையவள் ஒருத்தி சரியாகக் கண்டதைத் தவறு என்று சொல்லி, அவள் வேலை போகக் காரணமானேன். அவள் கண்டது சரி என்று தெரிந்தேதான் சொன்னேன்.

திருப்பதியில் செயற்கைக்கோள் படங்களை ஆராயும் அலுவலகம் ஒன்றில் நான் மூத்தவன். அவள் நாகலாபுரத்திலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த ஒப்பந்த ஊழியர். செயற்கைக்கோள் ஒரே நிலத்தைப் பல அலைவரிசைகளில் படமெடுக்கும்; கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் சில, தெரியாத அகச்சிவப்பு சில. ஒன்று சொன்னதையே பெரும்பாலும் இன்னொன்றும் சொல்லும். ஆகவே எல்லாவற்றையும் கணக்கில் கலந்து புதிய படங்களாகப் பிரிப்போம். முதல் படத்தில் வேறுபாடுகள் மிகுதி. அடுத்தடுத்துக் குறைந்துகொண்டே போகும். மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் கருவியின் இரைச்சல், அர்த்தமில்லாத புள்ளிகள் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவந்தேன். அவள் மட்டும் நான்காவதை அழிக்காமல் வைத்துக்கொண்டாள். சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகள் அதில் மங்கலான திட்டுகளாகத் தெரிந்தன; அவை காயத் தொடங்கிவிட்டன என்றாள்.

நேரில் போய்ப் பார்த்தோம். தோப்பு பசுமையாக நின்றது. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அவள் நுனிக்கிளை ஒன்றை வளைத்தாள், படக்கென்று ஒடிந்தது.

"மேல பச்சையா கீது சார், உள்ள காஞ்சிக்கினு வருது. இன்னா சார், இதுவும் இரைச்சலா?" என்று சிரித்தாள்.

ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டதாகத் தோப்புக்காரரும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் ஜீப்பில் ஒன்றையே எண்ணிக்கொண்டு வந்தேன். இத்தனை வருடங்களில் எத்தனை நான்காவது படங்களை அழித்திருப்பேன்! அதை அவள் சிரமமே இல்லாமல் படித்துவிட்டது என்னை எரித்தது.

இயக்குநர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு எக்ஸ்டென்ஷன் கொடுக்கலாமா? அது காட்டுறது நெஜமா, நாய்ஸா?"

"நாய்ஸ்தான் சார்" என்றேன். அந்த மாதக் கடைசியில் அவள் போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கருத்தரங்கில் மேடையேறி, கண்டவள் அவள், மறைத்தவன் நான் என்று நடந்ததை அப்படியே சொன்னேன். அரங்கம் கைதட்டியது. இந்த வயதில் இதை ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

விசாரித்துக்கொண்டு குப்பம் போனேன். ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். வராந்தாவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சால்வை உட்பட.

"ஏன் சார், அந்தக் கைத்தட்டலையும் நீங்களே வாங்கிக்கினீங்களா?" என்றாள். பிறகு, "பெல் அடிச்சிட்டாங்க சார்" என்று வகுப்புக்குள் போனாள்.

சன்னலுக்கு வெளியே சற்று நேரம் நின்று கேட்டேன். என்னைவிட நன்றாகப் பாடம் சொன்னாள். அதையும் என்னால் தாங்க முடியவில்லை.